முதலில் இடது காலுக்குச் சொல்லிக்கொடுங்கள்

நான் கார் ஓட்டக் கற்றது 41 வயதில். பயிற்சிப் பள்ளியில் ஓட்டிய 15 நாளும் வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்து, எங்கள் வேகன் ஆரை எடுத்த அன்று, வீட்டு கேட்டைத் தாண்டுவதற்குள் நான்கு தடவை நின்றுபோனது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. பள்ளி வண்டியில் மாஸ்டர் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. அத்தனை நாளும் கிளட்சைப் பார்த்துக்கொண்டது அவருடைய கால்தான்.

அதனால் என் தங்கை மகளுக்கு எல்.எல்.ஆர். வந்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, கிளட்சை மிதிக்கும் இடது காலிலிருந்து ஆரம்பித்தேன். ஞாயிறு விடிகாலை, சேலத்துக்கு வெளியே மனை பிரித்துப் போட்ட சமதளமான காலி இடம், முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள நான். ரப்பர் செருப்பைக் கழற்றச் சொன்னேன். காலடியில் தண்ணீர் பாட்டில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அது உருண்டு பிரேக்குக்கு அடியில் போனால் பிரேக் இறங்காது. கிளட்சை அடிவரை அழுத்தினாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்திக்கொள்ளுங்கள்.

இப்போது பாடம். கிளட்சை முழுக்க அழுத்தி முதல் கியர் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனக்கும், வண்டி லேசாக அதிரும்.

"பெரியம்மா, வண்டி நடுங்குதே!" என்றாள்.

"அந்த நடுக்கம்தான் கண்ணு நமக்கு வேணும். அங்கேயே காலை நிறுத்து."

அதுதான் ஹாஃப் கிளட்ச். எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் நிற்கிறது. கிளட்ச் தகடு உரசி உரசி இரண்டையும் சேர்த்துவைக்கும் இடம் அது. அங்கே இரண்டு நொடி காலை நிறுத்தினால் வண்டி தானாக நகரும். படக்கென்று விட்டால், நிற்கிற சக்கரத்தின் பாரம் முழுவதும் எஞ்சின் மேல் விழுந்து அணைந்துவிடும். நகர்ந்ததும் நிறுத்துங்கள், திரும்ப எடுங்கள். அன்று காலை அவள் இதை 50 தடவையாவது செய்திருப்பாள். வேறெதுவும் சொல்லித்தரவில்லை. அந்த ஒரு மணி நேரம் மிச்சப் பாடத்தையெல்லாம் பாதியாகக் குறைத்துவிட்டது.

கியர் மாற்றுவது அத்தனை கடினமில்லை. வண்டி உருண்டதும் இரண்டு, 25 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் மூன்று. எஞ்சின் இரைந்தால் மேலே போங்கள், திணறினால் கீழே வாருங்கள். நிறுத்தும்போது பிரேக் முதலில், வண்டி நிற்கப்போகும் சமயத்தில் கிளட்ச். பயத்தில் பலரும் கிளட்சைத்தான் முதலில் மிதிக்கிறார்கள். எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டி இன்னும் தாராளமாக ஓடும்.

மேடுதான் எல்லோரையும் மிரட்டுவது. ஐந்து ரோடு மேம்பால ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நிற்க, பின்னால் பஸ் ஒட்டி நின்றால் கை வியர்க்கும். அவசரப்படாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடியுங்கள். முதல் கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்சை அந்த நடுக்கம் வரும்வரை விடுங்கள். வண்டி முன்னே போகத் துடிப்பது தெரியும். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் பின்னால் உருளாது. ஆனால் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை மேட்டில் நிறுத்திவைக்காதீர்கள். தகடு தேய்ந்து கருகல் வாடை வரும். மாற்றச் செலவும் அதிகம்.

மூன்று மாதம் கழித்து அவளை ஏற்காடு கூட்டிப்போனேன், 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் பாரமெல்லாம் பிரேக்குக்குப் போய் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பெட்ரோல் மிச்சம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமும் அதுதான். நின்றுபோனால் அவர் மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டு மறுபடி எடுக்க வேண்டும். அது என்ன பாடு என்று இப்போது உங்கள் இடது காலுக்கே தெரியும்.