தட்டினாலும் நைலான் வரவில்லையா?

புல் வெட்டும் பிரஷ் கட்டரின் தலையைத் தரையில் தட்டியும் நைலான் இழை நீளவில்லை என்றால், ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு இழை சுற்றியிருக்கும் ஸ்பூலைத் திறந்து பாருங்கள். என்னுடையதில் சுற்றுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. குறுக்கே ஏறிய நைலான் உராய்வுச் சூட்டில் இப்படித்தான் ஆகும். ஒட்டியதை வெட்டி எறிந்தேன். தலைக்கு உரிய 2.4 மி.மீ. நைலானையே, அம்புக்குறித் திசையில், இறுக்கமாக, பக்கம் பக்கமாகச் சுற்றினேன். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். ஆசைப்பட்டு அதிகம் சுற்றுவதுதான் பலர் செய்யும் தவறு, மறுபடி சிக்கும். இரு முனைகளும் 15 செ.மீ. வெளியே இருக்கட்டும். முனை மிகக் குட்டையானால் சுழலும் விசை போதாமல், தட்டினாலும் இழுக்காது. கையால் இழுத்துவிட வேண்டும். காய்ந்து ஒடியும் பழைய நைலானை ஒரு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள், மறுபடி வளையும்.