வளர்ச்சி தாமதமா இருக்கற குழந்தைங்களுக்கு வீட்டுக்கே போய் தெரபி குடுக்கறீங்களா?

முதல் தடவ போறப்ப பொம்மை பைய தூக்கிட்டு போகாதீங்க, நீங்க கிளம்பினா பொம்மையும் கிளம்பிடும், அப்புறம் வாரம் முழுக்க அம்மா எத வச்சு பண்ணுவாங்க? வீட்ல இருக்கற டம்ளர், கரண்டி, வெங்காயம் போதும்.

குடியாத்தம் பக்கம் ஒரு வீட்ல அம்மா மடியில முறத்த வச்சு பீடி சுத்திட்டு இருந்தாங்க, பாப்பாக்கு ரெண்டு வயசு, தனியா உக்கார வரல. இவங்ககிட்ட போய் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கனு எப்படி சொல்றது? அதனால பழைய துண்ட சுருட்டி பாப்பா இடுப்புக்கு ரெண்டு பக்கமும் அணை குடுத்து, புகையில தூசி படாத தூரத்துல அம்மாவ பாத்த மாதிரி உக்கார வச்சோம். "டம்ளர் வேணுமா"னு கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்கனு சொன்னேன். பாப்பா கண்ண டம்ளர் பக்கம் திருப்பினாலே அது பதில்தான், நாம அவசரப்பட்டு கைல குடுத்துடறோம்.

நீங்க செஞ்சு காட்டிட்டு வந்துடாதீங்க, அம்மாவோ ஆயாவோ உங்க கண்ணு முன்னாடி செய்யணும். படுக்க வச்சு கஞ்சி ஊட்டறாங்களா, அன்னிக்கே நிறுத்த சொல்லுங்க, புரை ஏறிடும். பேச்சு வரலன்னா மொதல்ல காது டெஸ்ட். குழந்தைங்க உடம்ப செக் பண்ண 2013ல அரசாங்கம் ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே திட்டத்துல அங்கன்வாடிக்கு மெடிக்கல் டீம் வரும், அவங்ககிட்ட பாப்பாவ காட்ட சொல்லுங்க, தேவைப்பட்டா மேல் சிகிச்சைக்கு அனுப்புவாங்க, செலவு கிடையாது.