சுங்கை சிப்புட் மழையில் பின்வீல் வண்டி: ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே மலேசியாவின் பேராக் மாநிலத்துக்கு வேலைக்கு வருகிறவர்களிடம் ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது, "வண்டி ஓட்டுறது ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி, இங்கயும் இடது பக்கந்தான்" என்று. சரிதான். ஸ்டீரிங்கும் நமக்குப் பழகிய வலப்பக்கம்தான் இருக்கிறது. ஆனால் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் முதலாளி உங்கள் கையில் சாவி கொடுக்கும் வண்டி எந்தச் சக்கரத்தால் ஓடுகிறது, சாயங்கால மழையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

உரிமம் பற்றி இரண்டே வரி. ஊர் உரிமம் செல்லுமா, எவ்வளவு நாளைக்கு, மாற்ற முடியுமா என்ற விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. நண்பர் சொன்னார் என்று ஓட்டாமல் ஈப்போவில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) முகப்பில் நேரில் கேட்டுவிட்டு ஓட்டுங்கள், ஏனென்றால் செல்லாத உரிமத்தோடு மோதினால் காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்துவிடும். இங்கே புதிதாக உரிமம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: டிஏ வகுப்பு ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். கடை வண்டி மேனுவல் என்றால் டி வகுப்புதான் வேண்டும். புது உரிமம் என்றால் இரண்டு வருடம் 'பி' ஸ்டிக்கரும் ஒட்டியிருக்க வேண்டும்.

இனி வண்டி.

ஊரில் எங்கு பார்த்தாலும் நிற்கும் மைவி, ஆக்சியா, இப்போதைய சாகா எல்லாம் முன்சக்கரத்தால் ஓடுபவை. தோட்டத்து வேலைக்கும் கடை வேலைக்கும் ஓடுகிற ஹைலக்ஸ், டிமேக்ஸ் பிக்கப்புகள், பழைய வேனட் வேன், முந்தைய தலைமுறை அவன்சா, இன்னோவா ஆகியவை பின்சக்கரத்தால் ஓடுபவை. ஹைலக்ஸில் நாலு சக்கர வசதி இருந்தாலும் குமிழ் '2எச்'சில் இருக்கும்வரை அது பின்வீல் வண்டிதான். அம்பாசிடரோ ஆம்னியோ ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்விஃப்டில் பழகி வந்தவர்களுக்குத்தான் புதிது. முன்வீல் வண்டி தன்னை இழுத்துக்கொண்டு போகிறது. பின்வீல் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். ஈரத் தரையில் தள்ளுவண்டியை அவசரமாகத் தள்ளினால் அது கோணிக்கொண்டு திரும்புமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது.

மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஊரைப் பற்றி எழுதியதாகாது. பழைய டொயோட்டா கொரோலா கேஇ70. 'டிஎக்ஸ்' என்றால் எந்த ஃபோர்மேனுக்கும் தெரியும் (மெக்கானிக்கை இங்கே ஃபோர்மேன் என்பார்கள், கட்டட மேஸ்திரி என்று நினைத்துவிடாதீர்கள்). எண்பதுகளின் குடும்பக் கார். பின்வீல், எடை குறைவு, அதனால் வாலை வீசி ஓட்டும் பையன்களுக்கு உயிர். கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் டொயோட்டா 86, மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று தேடுவார்கள். வந்த வருடமே இதில் ஒன்றை வாங்க ஆசைப்படும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆசை இருந்தால் வாங்குங்கள். டிஎக்ஸில் ஏபிஎஸ் கிடையாது, வழுக்கலைத் தானே கட்டுப்படுத்தும் எந்தக் கருவியும் கிடையாது. எல்லாம் உங்கள் வலது காலும் இரண்டு கைகளும்தான் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நம் பக்கம், அதாவது மேற்குக் கரையில், ஏப்ரல்–மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர்–நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். சென்னை மழையை ஓட்டிப் பழகியவர்கள் இதென்ன பெரிய மழை என்பார்கள். மழை பெரிது சிறிது என்பது பிரச்சினை இல்லை. சென்னையில் மழை வந்தால் வண்டி தானாக ஊர்ந்துவிடும். இங்கே கூட்டரசுச் சாலை அகலமாக, வழவழப்பாக இருக்கும், வேக வரம்பு 90. எழுபது, எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போதே மழைக்குள் நுழைந்துவிடுவீர்கள். அதுவும் காய்ந்து கிடந்த சாலையில் மழை விழும் முதல் சில நிமிடங்கள்தான் மோசம். தூசி, எண்ணெய்க் கசிவு, டயர் தேய்ந்த துகள் எல்லாம் தண்ணீரோடு கலந்து மேலே வரும். நன்றாக அடித்துப் பெய்தால் சாலையை ஓரளவு கழுவிவிடும். ஆனால் அப்போது தண்ணீர் தேங்கி, டயர் தரையைத் தொடாமல் மிதக்கத் தொடங்கும் வேறொரு ஆபத்து வரும்.

அதோடு தோட்டம். செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலையை வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பினால்தான் எண்ணெய் தரமாக இருக்கும், அதனால் மழை என்று லோரி நிற்பதில்லை. செம்மண் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் முச்சந்தியில் அதன் டயர்கள் சேற்றை ஐம்பது, நூறு அடிக்கு இழுத்துப் பூசிவிட்டுப் போகும். உதிர்ந்த பழங்கள் வேறு நசுங்கிக் கிடக்கும். வெயிலில் அது வெறும் சிவப்புக் கறை. தூறல் விழுந்தால் சோப்பு நீர் தெளித்த தரை. வளைவுக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தின் வாசலும், தார் மேல் சிவப்பும் தெரிந்தால், அந்தச் சிவப்பைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சிவப்பின் மேல் பிரேக்கும் வேண்டாம், எண்ணெய் (ஆக்சிலரேட்டரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) அழுத்தவும் வேண்டாம், ஸ்டீரிங்கை ஒடிக்கவும் வேண்டாம். 'ஜாலான் லிச்சின்' என்ற பலகை இருந்தால் சாலை வழுக்கும் என்று எச்சரிக்கிறார்கள். தோட்டத்து முச்சந்திகளில் பெரும்பாலும் பலகையே இருக்காது.

பின்வீல் வண்டியின் வால் எப்போது வீசும்? வளைவுக்குள் எண்ணெயைத் திடீரென்று அழுத்தும்போது. இதை எல்லோரும் சொல்வார்கள். அழுத்திய காலைத் திடீரென்று எடுக்கும்போதும் வீசும் என்பதைப் பலர் சொல்வதில்லை. காலை எடுத்தவுடன் பாரம் முன்பக்கம் சாயும், பின்சக்கரம் லேசாகும், அதே நேரம் எஞ்சின் அந்தச் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். மேனுவல் வண்டியில் ஈரச் சாலையில் அவசரமாகக் கியரை இறக்கினாலும் இதே கதைதான். ஆகவே பிரேக் பிடிப்பதோ கியர் இறக்குவதோ வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் ஒரே சீராகக் கால் இருக்கட்டும். வெளியேறும்போது ஸ்டீரிங் நேராகும் அளவுக்கேற்ப மெதுவாக அழுத்துங்கள்.

மீறி வீசிவிட்டால், பின்பக்கம் வலப்புறம் போகிறதா, ஸ்டீரிங்கை வலப்புறம் திருப்புங்கள். இடப்புறம் போனால் இடப்புறம். காலை மெதுவாக விடுங்கள், மேனுவல் என்றால் கிளட்ச்சை மிதித்துவிடலாம். கண் மட்டும் நீங்கள் போக வேண்டிய இடத்தைப் பார்க்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் கையும் பள்ளத்துக்கே திருப்பும். வண்டி நேராகத் தொடங்கியதும் ஸ்டீரிங்கையும் உடனே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தாமதித்தால் வால் மறுபக்கம் அடிக்கும், இரண்டாவது அடி முதல் அடியைவிடப் பலமாக இருக்கும். புது வண்டிகளில் இதையெல்லாம் வண்டியே பாதி செய்துவிடும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அந்தக் கருவியைப் பொத்தானில் அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் ஆண்மை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சேற்றில் சிக்கிச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டால் மட்டும் அணைத்து, வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

என் தங்கை மகன் கனடாவில் மொன்றியலில் இருக்கிறான். அவனிடம் இருப்பதும் ஒரு பின்வீல் விளையாட்டுக் கார், அதைப் பனிக்காலத்திலும் ஓட்டுகிறான். அங்கே பலர் அப்படிப்பட்ட காரைக் குளிர்காலத்துக்குப் போர்த்தி வைத்துவிட்டு வேறு வண்டி எடுப்பார்களாம். "மாமா, எல்லாம் டயர்லதான் இருக்கு" என்பான். அவனுடைய மாநிலமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடுவது சட்டம். சாதாரணக் கோடை டயரின் ரப்பர் ஏழு பாகைக்குக் கீழே போகப் போக இறுகிவிடும், பிடிப்பு போய்விடும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். நாலு சக்கரத்துக்கும் அதைப் போடுகிறான். பின் அச்சுக்கு மேலே டிக்கியில் மணல் மூட்டை வைக்கிறான், இரண்டாவது கியரில் நகர்த்துகிறான், கார் தாழ்வானது என்பதால் பனி ஒதுக்காத தெருவுக்குள் நுழைவதில்லை. பனியில் கொஞ்சம் எண்ணெய் கூடினாலே வால் ஆடும் என்பதால் அங்கே ஓட்டியவனுக்குக் கால் தானாக மென்மையாகிவிடுகிறது. நமக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. காய்ந்த சாலை எல்லாவற்றையும் மன்னித்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் மழையில்தான் கணக்குக் கேட்கும்.

அவன் சொன்ன டயர் விஷயம் நமக்கும் பொருந்தும், வேறு விதத்தில். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வண்டி வாங்கினால் டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனித் துகளும் வரைந்திருந்தாலோ, 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருந்தாலோ அது பனிநாட்டு டயர். புதிதாகப் பளபளவென்று இருக்கிறதே என்று மகிழாதீர்கள். நம் வெயிலில் அந்த இளகிய ரப்பர் சீக்கிரம் தேயும், ஈரத் தாரில் பிடிப்பும் குறைவு. கழற்றிவிடுங்கள்.

போத்தாக் டயரோடு, அதாவது தேய்ந்து மொட்டையான டயரோடு ஓடுவது இந்த ஊரின் தீராத நோய். சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும். என் கருத்தில் மழைக்கு அது போதாது, மூன்றுக்கு வந்தவுடனே மாற்றிவிடலாம். பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் கிழடாகியிருக்கலாம், அதற்குப் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குகிறவர்கள் இதைப் படிக்காமல் காசு கொடுக்கக் கூடாது. காசு இல்லை, இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால், "போஸ், புதுசு ரெண்டையும் பின்னால போடுங்க" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முன்னால் போடலாமே என்று அவர் சொல்லக்கூடும். விடாதீர்கள். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகும், காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுற்றும். முன்வீல் காருக்கும் இதேதான்.

காலியான பிக்கப்புக்குப் பின்னால் பாரமே இல்லை, பாரம் சுமப்பதற்கென்று போட்ட விறைப்பான பட்டை ஸ்பிரிங் மட்டும் இருக்கிறது. அதனால் சுமையோடு போகும்போது சாதுவாக இருந்த ஹைலக்ஸ், இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேறு வண்டியாகிவிடும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே, நகராதபடி கட்டி வைப்பது தோட்டத்தில் பழைய வழக்கம். கதவோரம் கடைசியில் வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டீரிங் பிடிப்பு குறையும். கட்டாமல் வைத்தால் பிரேக்கின்போது மூட்டை முன்னால் பாய்ந்து வரும். மண்பாதைக்குள் போகும்போது '4எச்' (நாலு சக்கர ஓட்டம்) போடுங்கள், காய்ந்த தார்ச்சாலைக்கு ஏறியதும் எடுத்துவிடுங்கள். காய்ந்த தாரில் அதிலேயே திருப்பினால் கியர்களும் அச்சும் முறுக்கிக்கொள்ளும். தோட்டப் பாதைகள் பொதுப் பாதைகள் அல்ல. ஜாகாவிடம் (காவலாளி) சொல்லிவிட்டே உள்ளே போங்கள், மழையில் மாட்டிக்கொண்டால் டிராக்டர் கொண்டுவரப் போவதும் அவர் சொல்கிற ஆள்தான்.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் பக்கம் நெடுஞ்சாலையில் போனால் ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்தை ஒட்டி மலை ஏறி இறங்கும். அங்கே வேக வரம்பு வழக்கமான 110 இல்லை, குறைவு. பலகையைப் பாருங்கள். லோரிகள் இடது தடத்தில் ஊரும், மழை நாளில் அவற்றுக்கு நிறைய இடம் விடுங்கள். அவசரம் இல்லையென்றால் ஊர் வழியே போகும் பழைய சாலையே எனக்குப் பிடிக்கும். விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தாப்பா வழியைவிடச் சிம்பாங் பூலாய் வழியை எடுப்பது பின்வீல் வண்டிக்கு நல்லது. தாப்பா வழி குறுகல், கணக்கில்லாத வளைவு.

கனமழையில் இங்கே பலர் டபுள் சிக்னல் (இருபக்க சிக்னலும் ஒன்றாக மின்னுவது) போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். நீங்கள் செய்யாதீர்கள். போட்டால் தடம் மாறுவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. முன்விளக்கைப் போடுங்கள், அது போதும். பாலத்தடியில் கப்சாய்க்காரர்கள் (சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள்) மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள், இடது ஓரத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் இறக்க வேண்டாம், பிக்கப் ஆனாலும். வண்டிக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் தானாக அடங்காது, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். புதுப்பிக்கும்போது முகவரிடம் "வெள்ளத்துக்கும் சேர்த்துப் போடுங்க" என்று சொல்லி, தாளில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். கடை வண்டி என்றால் முதலாளி போட்டிருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.