கட்டி வளரும்போது ஓமோன் அளவுகள்: பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

ஓமோன் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் உயர்ந்த எண்ணைத் தேடுவதற்கு முன்னர், எந்தக் கட்டி எதனை மாற்றும் என்பதை அறிந்திருக்க வேண்டும். சுரப்பியில் தோன்றும் கட்டி தானே ஓமோனை மிகையாகச் சுரக்கலாம், அல்லது பெருத்து அயலிலுள்ள நலமான இழையத்தை நெரித்துச் சுரப்பைக் குறைக்கலாம். நுரையீரலின் சிறுகலப் புற்றுநோய் போன்றவை, அவ்வுறுப்பில் வழமையாக உண்டாகாத ஓமோன்களைக்கூட வெளிவிடலாம். எதையும் மாற்றாத கட்டிகளும் உண்டு. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியில் புற்றுநோய் உள்ளவர்களிற் பெரும்பாலானோருக்கு, அச்சுரப்பியைத் தூண்டும் ஓமோனான ரி.எஸ்.எச். இன் அளவு சாதாரணமாகவே இருக்கும் என்பதால், கழுத்தில் கட்டி தென்பட்டவர் அந்த ஓர் அறிக்கையை நம்பி ஸ்கான் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் கட்டிகளில், பால் சுரப்பைத் தூண்டும் ஓமோனான புரோலக்டினின் அளவைக் கூடிய கவனத்துடன் படியுங்கள். இந்த ஓமோனைச் சுரக்கும் கட்டி பெருக்கப் பெருக்கப் பொதுவாக அளவும் உயரும். மில்லிலீற்றருக்கு 200 நனோகிராமைத் தாண்டினால் அத்தகைய கட்டி இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். மாறாக, 10 மில்லிமீற்றரிலும் பெரிய கட்டி ஸ்கானில் தெரிந்தும் அளவு சிறிதளவே உயர்ந்திருந்தால், அது வேறு வகைக் கட்டியாக இருந்து கபச்சுரப்பியை மூளையுடன் இணைக்கும் தண்டை அழுத்திக்கொண்டிருக்கலாம். மிகப் பெரிய கட்டிகளில் ஓமோனின் மிகுதியாலேயே ஆய்வுகூட முறை பிழைத்துக் குறைந்த எண்ணைக் காட்டுவதும் உண்டு; ஆகையால் குருதி மாதிரியை ஐதாக்கி மீண்டும் அளக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் தயங்காமற் கேளுங்கள்.

சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனற் சுரப்பிகள் சுரக்கும் கோட்டிசோலுக்கு நேரமே முக்கியம். காலையில் உயர்ந்தும் நள்ளிரவில் தாழ்ந்தும் இருக்க வேண்டிய அந்த ஓமோன், அதனை மிகையாகச் சுரக்கச் செய்யும் கட்டி இருக்கும்போது இரவிலும் தாழாது. குருதி எடுத்த நேரம் குறிக்கப்படாத கோட்டிசோல் அறிக்கையால் பயன் குறைவு.

குருதி கொடுக்கச் செல்லுமுன், உட்கொள்ளும் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாந்திக்குக் கொடுக்கப்படும் டொம்பெரிடோன், சில மனநோய் மருந்துகள் ஆகியன புரோலக்டினை உயர்த்தும். கருத்தடைக் குளிசைகள் கோட்டிசோல் அளவைக் கூட்டிக் காட்டும். தலைமயிர் உதிர்வதற்கு வாங்கும் பயோட்டின் என்ற விற்றமின் பல பரிசோதனைகளைக் குழப்பும். தோலுக்குப் பூசும் ஸ்டீரொயிட் களிம்பையும் விட்டுவிடாதீர்கள். எழுதுவதற்காகவே கேட்கின்றேன், வைத்தியர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஓர் ஆய்வுகூடத்திலும் அடுத்த முறை வேறோர் ஆய்வுகூடத்திலும் அளந்த எண்களை ஒப்பிடுவது நம்மிடையே பரவலான வழக்கம். கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினருக்கு அறிக்கையைப் படமெடுத்து அனுப்பும்போதும் அலகு கவனிக்கப்படுவதில்லை. புரோலக்டினில் மில்லிலீற்றருக்கு 1 நனோகிராம் என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 21 மில்லி அலகுகள். எனவே 500 என்று அச்சிடப்பட்ட எண், அலகைப் பொறுத்து, ஏறக்குறைய சாதாரணமானதாகவோ பாரதூரமானதாகவோ இருக்கலாம். ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே நேரத்தில் அளந்து, பழைய அறிக்கைகளைக் கிளினிக் கொப்பியுடன் திகதி வரிசைப்படி வைத்திருங்கள்.

கபச்சுரப்பிக் கட்டி உள்ளவருக்குத் திடீரெனக் கடும் தலையிடியும் வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால், எந்த அறிக்கைக்கும் காத்திராமல் உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.