‘ஜிராவில் போட்டாச்சு’ என்றால் சொல்லியாயிற்றா? மென்பொருள் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஏப்ரல் 5 அன்று, இந்திய நேரப்படி பிற்பகல் ஒரு மணி தாண்டிய சில நிமிடங்களில், குழுவின் வேலைகளை ‘டிக்கெட்’ என்ற பதிவுகளாக எழுதி வைக்கும் மென்பொருளான ஜிராவைத் தயாரிக்கும் அட்லாஸியன் நிறுவனத்தில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சிறு நிரல், ஓடத் தொடங்கியது. இனிமேல் தேவையில்லை என்று முடிவான ஒரு பழைய ஆப்பை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்குவதுதான் அதன் வேலை. 23 நிமிடத்தில் அது தளங்களையே நீக்கிவிட்டது. 775 வாடிக்கையாளர்களுக்கு ஜிரா, குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் கன்ஃப்ளூயன்ஸ் எல்லாம் ஒருசேரப் போயின. சிலருக்கு அவை திரும்பக் கிடைக்க 14 நாள் வரை ஆனது.

நீக்கச் சொன்னது ஒரு குழு, நீக்கியது இன்னொரு குழு. ஆப்பின் அடையாள எண்ணைக் கொடுக்க வேண்டிய இடத்தில் முழுத் தளத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அதை வாங்கிய ஏபிஐ, அதாவது ஒரு நிரல் இன்னொன்றை அழைக்கும் வழி, இரண்டு வகை எண்ணையும் ஏற்றுக்கொள்ளும். வந்தது எந்த வகை என்று கேட்காது. ஸ்கிரிப்டை ரிவ்யூவும் செய்திருந்தார்கள். எந்த ஏபிஐயை எப்படி அழைக்கிறது என்று பார்த்தார்களே தவிர, உள்ளே இருந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த நிறுவனம் பிறகு வெளிப்படையாக எழுதிய அறிக்கையில் முதலில் சொன்ன காரணம், அந்த இரண்டு குழுக்களுக்கும் இடையே தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான்.

குழுக்கள் கலந்து வேலை செய்யக் கருவி செய்து தருகிறவர்களுக்கே இது நடந்திருக்கிறது. நம் அலுவலகங்களில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழும் வாக்கியம் ‘ஜிராவில் போட்டாச்சு’. போட்டவருக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடுகிறது. படிக்க வேண்டியவர் படித்தாரா, அவருக்குப் புரிந்தது நாம் நினைத்ததுதானா என்பதை எந்தக் கருவியும் பார்த்துச் சொல்லாது. நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த இடைவெளியில்தான் தொடங்கியிருக்கின்றன.

முடிவு ஓரிடம், டிக்கெட் வேறிடம்

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரும் பகுதியை எழுதிக்கொண்டிருந்தோம். மொத்தத் தொகையை ரவுண்ட் ஆஃப் செய்ய வேண்டும் என்று டிக்கெட்டில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழைப்பில் எதிர்த் தரப்பினர், ‘ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், எங்கள் கணக்குப் பிரிவு அப்படித்தான் கேட்கிறது’ என்றார்கள். அழைப்பில் இருந்த ஐந்து பேரும் சரி என்றோம். டிக்கெட்டை யாரும் தொடவில்லை.

அதை எழுத வேண்டிய பையன் அன்று அக்கா கல்யாணத்துக்காக மதுரைக்குப் போயிருந்தான். திங்கட்கிழமை வந்து, டிக்கெட்டில் இருந்தபடியே நேர்த்தியாக எழுதி முடித்தான். டெஸ்டர் அந்த அழைப்பில் இருந்தவர். தவறு என்று திருப்பி அனுப்பினார். ‘டிக்கெட்ல இப்படித்தானே அண்ணா போட்டிருக்கு?’ என்று அவன் என்னிடம் வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவனும் சரி, டெஸ்டரும் சரி. அழைப்பை நடத்திய நான்தான் டிக்கெட்டை மாற்றியிருக்க வேண்டும். இரண்டு நாள் வேலை வீணானதைவிட, தான் தவறு செய்துவிட்டோமோ என்று அந்தப் பையன் குன்றிப்போனதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

அதிலிருந்து ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அழைப்பு முடிவதற்கு முன்பே ஒருவர் டிக்கெட்டைத் திறந்து, மாறிய முடிவை எழுதிவிட வேண்டும். கமெண்டில் மட்டும் எழுதினால் போதாது. முப்பத்தேழாவது கமெண்டில் இருக்கும் முடிவைத் தேடி யாரும் கீழே போவதில்லை. மேலே இருக்கும் விவரப் பகுதியையே திருத்த வேண்டும். ஏன் மாறியது, யார் சொன்னார்கள் என்பதைக் கமெண்டில் வைக்கலாம். அப்புறம், அன்று வராதவரைக் குறிப்பிட்டுக் கூப்பிட்டு, தனக்கு என்ன புரிந்தது என்று அவர் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் உயர்த்திய குறி வந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரியில்தான் புரிதல் எங்கே பிசகியிருக்கிறது என்பது தெரியவரும்.

டிக்கெட் எழுதும் முறையும் இதோடு சேர்ந்ததுதான். ‘லாகின் வேலை செய்யவில்லை’ என்று ஒரு டிக்கெட் வந்தால், அதை எடுப்பவர் முதலில் செய்வது எழுதியவரைத் தேடிப் போவது. எழுதியவர் விடுப்பில் இருந்தால் அன்றைய பொழுது போயிற்று. அதையே, ‘ஆண்ட்ராய்டு 13 போனில் ஓடிபி திரை வந்த பிறகு பேக் பட்டனை அழுத்தினால் வெற்றுத் திரை வருகிறது, எண் கேட்கும் திரை வர வேண்டும், சோதனை சர்வரில், நேற்றைய பதிப்பில், மூன்று முறையும் அப்படியே’ என்று எழுத இரண்டு நிமிடம்தான் கூடுதலாக ஆகும். ஆறு மாதம் கழித்து, நம் குழுவிலேயே இல்லாத ஒருவர் படித்தாலும் விளங்குகிற மாதிரி எழுத வேண்டும்.

சாட்டில் தொலைந்து போகிறவை

அலுவலகங்களில் பயன்படும் சாட் கருவியான ஸ்லாக், முதலில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைத் தயாரித்துக்கொண்டிருந்த குழு தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துகொண்ட கருவி. விளையாட்டு ஓடவில்லை, 2013-இல் கருவி வெளியே வந்து நிலைத்துவிட்டது. அந்தப் பெயரை விரித்தால், எல்லா உரையாடல்களையும் அறிவையும் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு என்று அர்த்தம் வரும். ஆனால் இலவசத் திட்டத்தில் இருக்கும் சிறு குழுக்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து கடைசி 90 நாள் செய்திகள்தான் கண்ணுக்குத் தெரியும். இதை அறியாமல் சர்வர் அமைப்பு முதல் வாடிக்கையாளர் ஒப்புதல் வரை எல்லாவற்றையும் சாட்டிலேயே வைத்திருந்து, நான்காவது மாதம் தேடுகிற குழுக்கள் இருக்கின்றன. காசு கட்டிய திட்டத்திலும் நிலைமை பெரிதாக மாறாது. இருவருக்கு இடையே நடந்த தனிச்செய்தியை மூன்றாமவர் எப்படித் தேடுவார்?

நம் ஊரில் இன்னொன்று உண்டு, வாட்ஸ்அப் குரூப். அவசரத்துக்கு ஆரம்பித்தது, பிறகு பாதி வேலை அங்கேயே நடக்கத் தொடங்கிவிடுகிறது. இரவு பத்து மணிக்கு மேனேஜர் அங்கே ஒரு வரி போடுவார், இரண்டு பேர் பதில் சொல்வார்கள், மறுநாள் அதுவே முடிவாகிவிடும். புதிதாகக் குழுவில் சேர்கிறவருக்கு அவர் சேர்வதற்கு முன் நடந்தது பெரும்பாலும் தெரியாது. விலகிப் போனவரின் போனிலோ எல்லாம் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘சர்வர் விழுந்துவிட்டது, எல்லாரும் வாருங்கள்’ என்று கூப்பிட அதைவிட நல்ல வழி இல்லை. வந்தபிறகு பேச்சை அலுவலகக் கருவிக்கு மாற்றிவிடுங்கள்.

‘ஹாய், இருக்கீங்களா?’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரியாதை கருதித்தான் அப்படிச் செய்கிறோம், எனக்குப் புரிகிறது. ஆனால் எதிரில் இருப்பவர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால், அவர் ‘சொல்லுங்க’ என்று பதில் போடும்போது நாம் தூங்கிக்கொண்டிருப்போம். வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் அனுப்பினால் ஒரு நாள் மிச்சம்.

யாரும் பார்க்காத எச்சரிக்கைகள்

2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை டெவலப்பர்கள் இன்றும் பேசுகிறார்கள். களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருக்கிறோம் என்று நினைத்து, முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழிக்கத் தொடங்கினார். ஒன்றிரண்டு நொடியில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால், ஐந்து விதமான ஏற்பாடுகளில் ஒன்றும் நம்பும்படி இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பில் இருந்ததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றபோதெல்லாம் மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது! அந்த மின்னஞ்சல்களில் சரியான கையொப்பம் இல்லாததால், பெறும் சர்வர் அவற்றை உள்ளே விடவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. கோட் பத்திரமாக இருந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் மக்கள் எழுதிய இஷ்யூக்களும் (டிக்கெட் போன்ற பதிவுகள்) கமெண்டுகளும் போய்விட்டன.

‘எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை, எல்லாம் நலம்’ என்று எடுத்துக்கொண்டதுதான் இங்கே பிசகு. நம்மில் பல குழுக்களின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். அலர்ட் சேனலில் நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்தி கொட்டும், எல்லாரும் அதை மியூட் செய்திருப்பார்கள். நடுவில் வரும் உண்மையான ஒன்றும் அதோடு போய்விடும்.

நான் பரிந்துரைப்பது இதுதான். தோல்வி வந்தால் சொல்லு என்பதைவிட, வெற்றி வராவிட்டால் சொல்லு என்று அமையுங்கள். பேக்கப் முடிந்ததும் அது ஒரு குறி வைக்கட்டும். காலை ஆறு மணிக்குள் அந்தக் குறி இல்லையென்றால் பெயர் குறித்த ஒருவரின் போன் அடிக்கட்டும். சேனலுக்குப் போகும் எச்சரிக்கை யாருக்கும் போகாத எச்சரிக்கை. ஒரு அலர்ட் வந்தும் இரண்டு மாதமாக யாரும் எதுவும் செய்யவில்லை என்றால் அதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து உண்மையாகவே மீட்டெடுத்துப் பாருங்கள். இதற்கு நேரமில்லை என்று சொல்லும் குழுக்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

போர்டும் எண்களும்

வேலைகளை ‘செய்ய வேண்டியது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்று பத்தி பத்தியாகக் காட்டும் போர்டைக் கான்பான் என்பார்கள். ஜப்பானிய மொழியில் அதற்குப் பெயர்ப்பலகை என்று அர்த்தம். டொயோட்டா தொழிற்சாலையில் கான்பான் அட்டைகள் செய்த முக்கியமான வேலை, தேவைக்கு மேல் உற்பத்தி செய்ய விடாமல் தடுப்பது. மென்பொருள் குழுக்கள் பலவும் பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தடுப்பை விட்டுவிட்டன. ஆறு பேர் குழுவில் ‘நடக்கிறது’ பத்தியில் இருபத்திரண்டு டிக்கெட் இருந்தால் பதினாறு சும்மா கிடக்கின்றன என்று பொருள். பத்திக்கு ஓர் உச்ச எண் வையுங்கள், நிரம்பிவிட்டால் புதியதை எடுக்காமல் பக்கத்தில் இருப்பவருடையதை முடிக்க உதவுங்கள். நிலைகளும் நான்கைந்து போதும். ‘ரிவ்யூவுக்குத் தயார்’, ‘ரிவ்யூவில்’, ‘ரிவ்யூ முடிந்தது’ என்று பதினான்கு வைத்தால், மக்கள் வெள்ளிக்கிழமை மாலை மொத்தமாக நகர்த்திவிட்டுப் போவார்கள். வாரம் முழுக்க அந்தப் போர்டு பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஸ்டோரி பாயின்ட் என்பது, ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று ஒரு குழு தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. அதை மதிப்பெண்ணாக்கி இரண்டு குழுக்களை ஒப்பிட்டாலோ, சம்பள உயர்வுக்குப் பார்த்தாலோ, மூன்று பாயின்ட் வேலை அடுத்த ஸ்பிரின்டில் (சில வார வேலைச் சுற்றில்) ஐந்தாகிவிடும். ஓர் அளவை இலக்காக்கினால் அது அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்ற இந்தக் கருத்து, பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் எழுதியதிலிருந்து வந்தது. மேனேஜர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, இந்த எண்ணை மேலே அனுப்பும் ஸ்லைடில் போடாதீர்கள்.

சாவிகள்

பாஸ்வேர்டையும், கிளவுட் சர்வர்களுக்குள் நுழைய உதவும் சாவியையும் சாட்டில், டிக்கெட்டில், கோடில் வைக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வைக்கிறார்கள், ‘பிரைவேட் ரெப்போதானே’, அதாவது வெளியார் பார்க்க முடியாத கோட் களஞ்சியம்தானே என்று. 2016-இல் உபேர் பொறியாளர்கள் பயன்படுத்திய கிட்ஹப் ரெப்போவும் பிரைவேட்தான். அதற்குள் நுழைந்தவர்களுக்குக் கிளவுட் சாவி கிடைத்து, 5.7 கோடிப் பேரின் தகவல் போயிற்று. தவறிப் போட்டுவிட்டால் செய்தியை அழிப்பதோடு நிறுத்தாதீர்கள். கோடின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட் வரலாற்றில் பழையது அப்படியே இருக்கும். அந்தச் சாவியையே செல்லாததாக்கிப் புதியது எடுங்கள். தவறியவர் பயப்படாமல் உடனே வந்து சொல்கிற சூழல் இருந்தால்தான் இது நடக்கும். திட்டு விழும் என்று தெரிந்தால் மறைத்துவிடுவார்கள்.

கருவியே போய்விட்டால்

2022-இல் அட்லாஸியன் கோளாறில் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. உதவி கேட்டு டிக்கெட் போடத் தங்கள் தளத்தின் முகவரியைத் தர வேண்டும். அந்தத் தளம்தான் இல்லையே! தொடர்பு விவரங்களும் அதோடு சேர்ந்து அழிந்திருந்ததால், நிறுவனத்துக்கும் அவர்களை அழைத்துச் சொல்ல வழி தெரியவில்லை.

உங்கள் குழுவில், சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்ற குறிப்பு எங்கே இருக்கிறது? யாரை அழைப்பது என்ற பட்டியல்? பெரும்பாலும் கன்ஃப்ளூயன்ஸில்தான் இருக்கும். இந்த வாரமே அந்த இரண்டையும் இன்னொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். எங்கள் குழுவில் ஆளுக்கொரு பிடிஎஃப் போனில் இருக்கிறது, ஒரு தாள் மீட்டிங் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. குழுவில் யாராவது புதிதாகச் சேர்ந்தால், அந்தத் தாளில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்ப்பதுதான் அவருக்கு முதல் நாள் வேலை. போன மாதம் வந்த பெண் அழைத்துப் பார்த்தபோது இரண்டு எண்கள் மாறியிருந்தன. அவரே பேனாவால் திருத்தி, அன்றைய தேதியும் எழுதி வைத்தார்.