தடுப்பூசிக்குப் பின் டி செல்களை அளக்க, ரத்தத்திலிருந்து செல்களைப் பிரிக்கும் முறை

கொரோனாவின் ஒமிக்ரான் வகை வந்தபோது வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடியின் திறன் வெகுவாகக் குறைந்தது. டி செல்களின் (தொற்றிய செல்களைக் கண்டு தாக்கும் வெள்ளையணுக்கள்) எதிர்வினை பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. தொற்று வந்தும் பலருக்கு நோய் முற்றாமல் போனதில் அதற்கும் பங்குண்டு. ஆகவே ஆன்டிபாடியை மட்டும் அளப்பது அரைகுறை வேலை.

ரத்தத்தை ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ள குழாயில் எடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காமல், அறை வெப்பநிலையிலேயே வைத்து 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். தாமதமானால் கிரானுலோசைட்டுகள் எனும் வேறு வகை வெள்ளையணுக்களின் அடர்த்தி மாறி, அவையும் டி செல்கள் அடங்கிய வேண்டிய செல்களோடு கலந்துவிடும். கடைசியில் செய்யும் எலிஸ்பாட் சோதனையில் (எதிர்வினை காட்டும் ஒவ்வொரு செல்லும் தட்டில் ஒரு புள்ளியாகத் தெரியும்) புள்ளிகள் குறையும், பழி தடுப்பூசி மேல் விழும்.

ரத்தத்தோடு அதே அளவு பிபிஎஸ் (உப்புக் கரைசல்) கலந்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் (செல்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் திரவம்) மேல், குழாயைச் சாய்த்துப் பிடித்துச் சுவரோரமாக மெல்ல வழியவிடுங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவி) 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசை), 30 நிமிடம், 20 டிகிரி செல்சியஸ். அதன் பிரேக்கை அணைத்தே ஆக வேண்டும். சட்டென்று நின்றால் அடுக்குகள் கலைந்துவிடும். மேலே மஞ்சள் பிளாஸ்மா, அதற்கும் ஃபைக்காலுக்கும் நடுவே மங்கலான வெள்ளை வளையம், அடியில் சிவப்பணுக்கள். வேண்டிய செல்கள் உள்ள அந்த வளையத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து, பிபிஎஸ்ஸில் இருமுறை கழுவுங்கள். 1 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 10 லட்சம் செல்கள் தேறும். கடுமையான கொரோனா நோயாளிகளுக்கு லிம்போசைட்டுகளே (டி செல்களும் அடங்கிய வெள்ளையணு வகை) குறைந்துவிடுவதால் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

எலிஸ்பாட் தட்டில் குழிக்கு 2 லட்சம் உயிருள்ள செல்கள் போதும். ஒப்பிட, பெப்டைடு (டி செல்களைத் தூண்டும் வைரஸ் புரதத் துண்டு) சேர்க்காத குழியும் பிஎச்ஏ (எந்த டி செல்லையும் தூண்டும் பொருள்) சேர்த்த குழியும் அவசியம். பிஎச்ஏ குழியிலேயே புள்ளி வராவிட்டால் அந்த மாதிரியின் முடிவை ஏற்காதீர்கள். இன்குபேட்டரில் இருக்கும் 18–20 மணி நேரமும் தட்டைத் தொடக் கூடாது. அசைந்தால் புள்ளிகள் இழுபட்டு எண்ண முடியாமல் போகும்.