வீடு வாங்க முதல் ஆரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறது?

கொழும்பில வீடு வாங்கிறதெண்டா புரோக்கருக்குக் குடுக்கிறம், லோயருக்குக் குடுக்கிறம், ஆனா சுவரையும் ஸ்லாப்பையும் எங்களுக்காகப் பாக்கிற ஒரு ஆளுக்குக் குடுக்க மட்டும் மனம் வருகுதில்லை. பேங்க் வெல்யுவர் வந்து பாத்திட்டார்தானே எண்டு கனபேர் இருந்திடுவினம். அவர் பாக்கிறது லோனுக்கு அந்த வீடு எவ்வளவு பெறும் எண்டு, சீலிங்குக்கு மேல ஏறிப் பாக்கிறது அவற்றை வேலை இல்லை.

உங்களுக்குத் தேவை ஒரு சிவில் எஞ்சினியர், அதுவும் சாட்டர்ட் எஞ்சினியர், அதாவது பட்டயம் பெற்ற பொறியியலாளர் எண்டா நல்லம். விஜேராம மாவத்தையில இருக்கிற இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தில அவர் உறுப்பினரோ, 2017ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டத்தில வந்த பொறியியல் பேரவையில பதிஞ்சிருக்கிறாரோ எண்டு கேளுங்கோ, நல்ல ஆள் எண்டா இதைக் கேட்டதுக்குக் கோவிக்க மாட்டார். புரோக்கர் கூட்டிக்கொண்டு வாற ஆள் மட்டும் வேண்டாம், வித்தாத்தான் புரோக்கருக்குக் கொமிஷன். பாத்திட்டு அந்தத் திருத்த வேலையையும் நானே செய்து தாறன் எண்டு சொல்லுற மேசன் பாஸையும் தவிருங்கோ.

சித்தப்பாவுக்கு வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் ஒரு பிளட் பாத்தம், புதுசாப் பெயின்ட் அடிச்சு பளபளவெண்டு இருந்தது, எங்களுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது. எஞ்சினியர் வந்தவுடனே அலுமாரியை இழுக்கச் சொன்னார், பின்னால சுவரில உப்புப் பூத்திருந்தது. பிறகு சுத்தியல் பிடியால பெல்கனி ஸ்லாப்பின்ர அடியைத் தட்டிக்கொண்டு போனார், டக் டக் எண்டு வந்த சத்தம் ஒரு இடத்தில டொப் எண்டு மாறிச்சுது. உப்புக் காத்தில உள்ளுக்க இருக்கிற கம்பி துருப்பிடிச்சா அந்தத் துரு ஊதி கொங்கிறீட்டைத் தள்ளி வெடிக்கப் பண்ணும், பெயின்ட்டால அதை மறைக்கத்தான் ஏலும் எண்டு எங்களை நிப்பாட்டி விளங்கப்படுத்தினார். இப்பிடித் தட்டிப் பாத்துச் சொல்லித் தாற ஆளைத்தான் தேடுங்கோ.

அதால போனில கதைக்கேக்கையே கேளுங்கோ, எவ்வளவு நேரம் நிப்பீங்கள், நானும் கூட வரலாமோ, எழுத்தில படத்தோட ரிப்போட் தருவீங்களோ எண்டு. முந்தி வேற ஆருக்கோ எழுதின ரிப்போட் ஒண்டை பேரை மறைச்சுக் காட்டச் சொல்லுங்கோ, எல்லாம் நல்லா இருக்கு எண்டு ரெண்டு பக்கத்தில முடிஞ்சா வேண்டாம். எது உடனே செய்யவேணும், எது பிறகு செய்யலாம், கிட்டத்தட்ட எவ்வளவு காசு முடியும் எண்டு பிரிச்சிருக்கவேணும். கரண்ட் வயரிங், எர்த், ட்ரிப் ஸ்விட்ச், கறையான், பாத்ரூம் லீக், மேல் டாங்கி எல்லாம் அதுக்குள்ள வருமோ எண்டும் கேட்டுவையுங்கோ, சிலர் கட்டிடத்தை மட்டும்தான் பாப்பினம்.

ஏலுமெண்டா நல்ல மழை பெஞ்ச அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போங்கோ, ஒழுக்கு அப்பத்தான் தெரியும். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எண்டா 2016 மே வெள்ளத்தில தண்ணி எவ்வளவு உயரத்துக்கு வந்தது எண்டு பக்கத்து வீட்டு ஆக்களிட்டயும் விசாரியுங்கோ.

எல்லாத்துக்கும் முதல், ரிப்போட் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் குடுக்க வேண்டாம், வேற ஆள் வந்து நிக்குது எண்டு புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. சித்தப்பா அந்த ரிப்போட்டைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னார், அவை குறைக்கேல்லை, நாங்கள் விட்டிட்டம். அதே எஞ்சினியரைத்தான் பிறகு தெஹிவளை வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனம்.